சிபில் இலவச ரிப்போர்ட்டும் டிஸ்ப்யூட் சேவையும்: டியூ தவறியவருக்கு எவ்வளவு உதவும்?

ஒரு டியூ தவறிப்போய், அடுத்த கடனுக்கு வங்கிப் படியேறும்போது "உங்க சிபில் சரியில்லையே" என்ற பதிலோடு திரும்பியவர்களுக்காக எழுதுவது இது. யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைத்து மதிப்பெண் (ஸ்கோர்) போடும் டிரான்ஸ்யூனியன் சிபில் நிறுவனம் தரும் இரண்டு சேவைகளைப் பார்ப்போம். ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச முழு ரிப்போர்ட். மற்றது, அதில் இருக்கும் பிழையைத் திருத்தக் கேட்கும் டிஸ்ப்யூட். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. வேலூர் சத்துவாச்சாரியானாலும் குடியாத்தமானாலும் கையில் ஒரு போனும் பான் கார்டும் இருந்தால் வீட்டிலிருந்தே முடிக்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தவறாகப் பதிவான தாமதத்தைத் திருத்த இது நல்ல சேவை, பொறுமை மட்டும் வேண்டும். உண்மையாகவே நடந்த தாமதத்தை இது அழிக்காது. வேறு எவராலும் அழிக்க முடியாது. ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் ஏஜெண்டுகள் இந்த இரண்டையும் குழப்பித்தான் பிழைக்கிறார்கள்.

ரிப்போர்ட் எடுப்பது எளிது. சிபில் தளத்தில் இலவச ரிப்போர்ட் பக்கத்துக்குப் போய்ப் பெயர், பான் எண், பிறந்த தேதி, பின்கோடு, மொபைல் எண் கொடுத்தால் ஓடிபி வரும். இடையில் மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்று பணம் கட்டும் திட்டங்களைக் காட்டும். அவை அடிக்கடி ஸ்கோர் பார்க்க நினைப்பவர்களுக்கானவை. பிழை திருத்த அவை தேவையில்லை, தாண்டிப் போகலாம். வங்கியில் கொடுத்த மொபைல் எண்ணை இடையில் மாற்றியிருந்தால் அடையாளச் சரிபார்ப்பு இங்கேயே சிக்கும். முதலில் வங்கியில் எண்ணைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு முயல்வது நல்லது. உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எத்தனை முறை பார்த்தாலும் ஸ்கோர் குறையாது. கடன் கேட்டு, அதற்காக வங்கி பார்ப்பதுதான் விசாரணையாகப் பதிவாகும்.

சிபில் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய மூன்றும் இதே வேலையைச் செய்பவை. நான்கும் ஒவ்வொரு காலண்டர் ஆண்டிலும் ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று முறை வைத்து எடுத்தால் ஆண்டு முழுவதும் செலவில்லாமல் கண் வைத்திருக்கலாம். குழு லோன் வாங்கியிருக்கும் பெண்கள் கிரிஃப் ஹைமார்க் ரிப்போர்ட்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். குழுத் தலைவியிடம் கட்டிய பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஸ்கோரை விட்டுவிடுங்கள். 300 முதல் 900 வரை போகும் அந்த எண் வெறும் விளைவு. ஒவ்வொரு கடனுக்கும் கீழே 36 மாதக் கட்டம் இருக்கும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும். கட்டத்தில் வரும் டிபிடி என்பது டியூ தேதியைத் தாண்டிய நாட்களின் எண்ணிக்கை. 000 அல்லது எஸ்டிடி (ஸ்டாண்டர்ட், அதாவது ஒழுங்கான கணக்கு) என்று இருந்தால் பிரச்சினையில்லை. 030 என்றால் அந்த மாதக் கணக்கில் 30 நாள் பாக்கி. மூன்று எக்ஸ் எழுத்து இருந்தால் அந்த மாதத்துக்கு வங்கி தகவலே தரவில்லை என்று பொருள். அதைத் தாமதம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் வகைக்குப் போய்விடும், அங்கிருந்து மீள்வது கடினம். கட்டத்தைப் பார்த்த பிறகு ‘ஓவர்டியூ’ தொகை என்ற வரியையும் பாருங்கள். கடன் முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு அங்கே 236 ரூபாயோ 590 ரூபாயோ நிற்கும். ஈஎம்ஐ பவுன்ஸ் ஆனதற்கான கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் அது. அடுத்த மாதம் ஈஎம்ஐயைக் கட்டிவிட்டு இந்தச் சில்லறையை விட்டுவிடுவார்கள்.

வேலூர்ப் பக்கத்து ரிப்போர்ட்டுகளில் கவனிக்க வேண்டிய சில இடங்கள் உண்டு. முதலாவது பெயர். பான் கார்டில் தந்தை பெயர் முழுசாக விரிந்து நிற்கும். ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்புக்கில் அதே இனிஷியல் பெயருக்குப் பின்னால் போய்விடும். பான் எண் இல்லாமல் வாக்காளர் அட்டையையோ ரேஷன் கார்டையோ வைத்துக் கொடுத்த பழைய கடன்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றைக் கொண்டுதான் பொருத்தப்படுகின்றன. ஒரே இனிஷியலில் ஒரே பெயரில் அதே தெருவில் இன்னொருவர் இருந்தால் அவருடைய டிராக்டர் கடன் உங்கள் ரிப்போர்ட்டில் வந்து உட்கார வாய்ப்பு உண்டு. தெரியாத கடன் கண்ணில் பட்டால், அது மோசடி என்று முடிவுகட்டும் முன் இதைச் சரிபாருங்கள். இதற்கு டிஸ்ப்யூட்டில் ‘இந்தக் கணக்கு என்னுடையதல்ல’ என்ற பிரிவு தனியாக இருக்கிறது.

முகவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், வாலாஜா, ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களின் பழைய கடன்களில் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும். புது எண், பழைய எண் குழப்பமும் இருக்கும். இதற்கெல்லாம் டிஸ்ப்யூட் போட வேண்டாம். முகவரி ஸ்கோரைத் தொடாது.

இரண்டாவது நகைக்கடன். "நகைதான் அங்கேயே இருக்கிறதே" என்று ஓராண்டுக் கெடு தாண்டியும் விட்டுவைப்பவர்கள் ஏராளம். வங்கிப் பார்வையில் அதுவும் கடன்தான். கெடு முடிந்து வட்டி நின்றால் நாள் கணக்கு ஓடத் தொடங்கும். ஏலத்துக்கு முன் மீட்டுவிட்டாலும் இடைப்பட்ட மாதங்கள் கட்டத்தில் நின்றுவிடும். அசலைக் கட்ட முடியாவிட்டால் கெடுவுக்கு முன்பே வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்பது ரிப்போர்ட்டைக் காப்பாற்றும்.

மூன்றாவது கல்விக்கடன். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது என்பது வழக்கமான ஏற்பாடு. அந்த ஓராண்டு எப்போது முடிகிறது என்று மகனுக்கும் தெரியாது, கூட்டாகக் கையெழுத்துப் போட்ட தந்தைக்கும் தெரியாது. வங்கியின் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். பாதிப்பு இருவர் ரிப்போர்ட்டிலும் வரும். ஜாமீன் கையெழுத்தும் இப்படித்தான். தோல் கம்பெனியில் கூட வேலை செய்பவரின் வண்டிக் கடனுக்குப் போட்ட ஜாமீன் உங்கள் ரிப்போர்ட்டில் ‘உத்தரவாதி’ என்ற தலைப்பில் நிற்கும். அவர் டியூ தவறினால் உங்கள் வீட்டுக்கடன் தடைபடலாம்.

இனி டிஸ்ப்யூட். இதைப் புரிந்துகொள்ளாமல் போடுவதால்தான் பெரும்பாலும் நிராகரிக்கப்படுகிறது. சிபில் தானாக ஒரு எழுத்தையும் மாற்றாது. நீங்கள் போடும் கோரிக்கை கடன் கொடுத்த வங்கிக்குப் போகும். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் மாறும். ஆகவே டிஸ்ப்யூட் போடும் அதே நாளில், அதே விவரத்தோடு வங்கியின் குறைதீர் மின்னஞ்சலுக்கும் எழுதிப் புகார் எண் வாங்கிவிடுங்கள். கடன் கணக்கு எண், எந்த மாதக் கட்டம் தவறு, அங்கே இருக்கும் எண், இருக்க வேண்டிய எண், ரிப்போர்ட்டின் கண்ட்ரோல் நம்பர் ஆகிய ஐந்தும் முதல் பத்தியிலேயே வர வேண்டும். இணைக்க வேண்டியது அந்த மாதத்து வங்கி ஸ்டேட்மெண்டும் கடன் கணக்கின் ஸ்டேட்மெண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ரசீதுப் படம் மட்டும் போதாது. பணம் கடன் கணக்கில் எந்தத் தேதியில் வரவானது என்பதுதான் கேள்வி. காலையிலேயே பணம் எடுக்கும் ஆணை வங்கிக்கு வந்துவிட, மதியம் பணம் போட்டால் பவுன்ஸ்தான். செயலி வழியாகக் கார்டு பில் கட்டினால் வரவாக ஒன்றிரண்டு நாள் ஆவதும் உண்டு.

கிரெடிட் கார்டுக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. டியூ தேதியிலிருந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதம் என்று அறிக்கை அனுப்பவோ அபராதம் போடவோ முடியும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இரண்டாம் நாளே கட்டிய பில் தாமதமாகப் பதிவாகியிருந்தால் அது திருத்தத்தக்க பிழை; கடிதத்தில் இந்த விதியைக் குறிப்பிட்டே எழுதுங்கள். ஈஎம்ஐ கடன்களுக்கு இந்த மூன்று நாள் சலுகை கிடையாது.

டிஸ்ப்யூட்டைத் தீர்க்கக் கெடு 30 நாள். அதில் வங்கிக்கு 21 நாள். திருத்தமோ பதிலோ 30 நாளைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதி இது. இந்தச் சேவைக்குப் பல் முளைத்தது அதன் பிறகுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் "ஸ்கோர் ஏன் குறைவு" என்று கேட்கும் புகாருக்கு இழப்பீடு கிடையாது. தகவல் பிழை என்று காட்டினால்தான் செல்லும். புகார் எண்ணும் தேதியும் கையில் இல்லாவிட்டால் கேட்க ஆதாரமும் இருக்காது.

குறை சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வோம். டிஸ்ப்யூட் நிராகரிக்கப்பட்டால் வரும் பதில் பெரும்பாலும் ‘வங்கி உறுதி செய்துள்ளது’ என்ற ஒற்றை வரியோடு முடிகிறது. கட்டத்துக் குறியீடுகளைப் படிக்கத் தெரியாதவருக்கு ரிப்போர்ட் ஒரு சுவர். ஏஜெண்டுகளுக்கு வாசல் திறப்பதும் அந்தச் சுவர்தான். அவர்கள் செய்வது உங்கள் பெயரில் எல்லாக் கடனுக்கும் கண்மூடித்தனமாக டிஸ்ப்யூட் போடுவது. உண்மையான தாமதங்கள் மறுபடி உறுதியாகித் திரும்பி வரும். அதற்குள் உங்கள் பான், பாஸ்வேர்டு, ஓடிபி மூன்றும் அவர்கள் கையில். அதை வைத்து உங்கள் பெயரில் ஆப் கடன் எடுக்க முடியும் என்பதால், ஓடிபி கேட்பவரிடம் பேச்சையே வளர்க்காதீர்கள்.

இன்னொரு வலை ‘செட்டில்மெண்ட்’. வசூல் ஏஜெண்ட் ஐம்பதாயிரம் பாக்கிக்கு முப்பதாயிரம் கட்டச் சொல்லி முடித்துவைப்பார். அப்போது நிம்மதியாக இருக்கும். ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று விழும். அடுத்த வங்கிக்கு அது முழுக்கக் கட்டாதவர் என்பதற்கான அடையாளம். ஏற்கெனவே அப்படி முடித்தவர்கள், மீதித் தொகை எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு, கட்டி, பாக்கியில்லாச் சான்று வாங்கி, ‘குளோஸ்டு’ என்று மாற்றித் தரும்படி கேட்கலாம். பணம் கட்டும் முன்பே அந்த மாற்றத்துக்கு வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.

உண்மையாகவே தவறிய டியூவுக்கு? வங்கியிடம் கெஞ்சிக் கடிதம் எழுதி நீக்கச் சொல்லும் யோசனை அமெரிக்கத் தளங்களிலிருந்து வந்தது. இங்கே வங்கிகள் நடந்ததை நடந்தபடி அனுப்பக் கடமைப்பட்டவை. செய்ய வேண்டியது, பவுன்ஸ் கட்டணம், அபராதம் சேர்த்து முழுப் பாக்கியையும் கட்டி ஓவர்டியூவைச் சுழியமாக்குவது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டியிருப்பதால், மூன்று நான்கு வாரத்தில் ரிப்போர்ட்டில் அது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதுவே டிஸ்ப்யூட்டுக்கு உரிய காரணம். பிறகு ஓராண்டு இடைவிடாத 000. கட்டம் மாதம் மாதம் நகர்வதால் பழைய தாமதம் பின்னால் தள்ளப்படும். ஈஎம்ஐ தேதிக்கு இரண்டு நாள் முன்பே கணக்கில் பணம் இருக்கட்டும். சம்பளம் ஏழாம் தேதி வருமென்றால், ஐந்தாம் தேதி ஈஎம்ஐயைப் பத்தாம் தேதிக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். கார்டு லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவு நிற்பது நல்லது. பணம் முடையான மாதத்தில் குறைந்தபட்சத் தொகையையாவது கட்டினால் தாமதம் பதிவாகாது, ஆனால் மீதிக்கு வட்டி கடுமையாக ஏறும்.

புதுக் கார்டு மறுக்கப்படுபவர்களுக்கு ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்துத் தரும் கார்டு சரியான கருவி. டெபாசிட் உங்கள் பெயரிலேயே வட்டியோடு இருக்கும், அதையொட்டி லிமிட் கிடைக்கும். மாதம் ஒரு கேஸ் சிலிண்டரும் மின்கட்டணமும் மட்டும் அதில் போட்டு முழுத் தொகையையும் கட்டிவந்தால் போதும். இடையில் நாலைந்து வங்கியில் ஒரே வாரத்தில் விண்ணப்பம் போட்டுப் பார்க்க வேண்டாம்.

30 நாள் கடந்தும் பதிலில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். 2022 செப்டம்பர் முதல் சிபில் போன்ற நிறுவனங்களும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டன. சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் புகாரைப் பதியலாம். காகிதத்தில் எழுதுபவர்கள் சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. உதவி எண் 14448. முதலில் வங்கிக்கு எழுதிய புகாரின் நகலும் தேதியும் இணைக்காமல் போட்டால் ஏற்க மாட்டார்கள்.