ரியல் எஸ்டேட் வெப்சைட்டைச் சரிசெய்ய ஆள் தேடுகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் போய்விட்டது. இன்று காலைதான் அந்த நிறுவனத்திலிருந்து கடைசி பதில் வந்தது. "உங்க ப்ராஜெக்ட் எங்க பக்கம் க்ளோஸ் ஆயிடுச்சு மேடம், இனிமே எதுன்னாலும் தனி சார்ஜ்." அவ்வளவுதான். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. சிறு வியாபாரிகளுக்கு வெப்சைட், ஆப் செய்து தருகிற ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, எங்கள் ஊரிலேயே இருக்கிறது, அது போதும்.

நானும் என் தம்பியும் கோவையில் மனை, வீடு விற்பனைக்கு ஏஜென்டாக இருக்கிறோம். அப்பா காலத்தில் டைரியில் நடந்த தொழில். அப்புறம் தெரிந்த பையன் ஒருவன் எங்களுக்கென்று ஒரு லிஸ்டிங் சிஸ்டம் செய்து கொடுத்தான். இடத்தின் விவரம், போட்டோ, விலை எல்லாம் ஏற்றலாம்; வாங்குகிறவர்கள் ஏரியா வாரியாகத் தேடலாம். நன்றாகத்தான் ஓடியது. பதிவுகள் பெருகியதும் குறைகளும் பெருகின. அந்தப் பையன் வேலைக்காக வெளிநாடு போய்விட்டான். அதனால்தான் இவர்களிடம் போனோம்.

என்னென்ன சரியாக வேண்டும் என்று எங்களுக்குத் தெளிவாகவே தெரியும். தினமும் அடிபடுகிறவர்கள் நாங்கள்தானே.

முதலாவது, விற்றுப்போன இடம் தளத்திலிருந்து உடனே மறைய வேண்டும். பழைய சிஸ்டத்தில் அதற்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நான்கைந்து பக்கம் தாண்டிப் போக வேண்டும். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும் தம்பி போனிலேயே "விற்றது" என்று ஒரு தட்டு தட்டினால் போதும்படி செய்யச் சொன்னோம். உரிமையாளர் மாதம் ஒருமுறை "இன்னும் இருக்கிறது" என்று உறுதி செய்யாவிட்டால் பதிவு தானாக ஒதுங்க வேண்டும் என்றும் சொன்னோம்.

இரண்டாவது, அளவு. எங்கள் பக்கம் எல்லோரும் சென்ட் கணக்கில்தான் பேசுவார்கள். சென்னைக்காரர்கள் கிரவுண்ட் என்பார்கள், அது 2,400 சதுர அடி. பேங்க் லோனுக்கு சதுர அடி கேட்பார்கள், தோட்டம் என்றால் ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் எங்கள் சிஸ்டத்தில் இருந்தது ஒரே ஒரு கட்டம், அதுவும் சதுர அடிக்கு. அன்னூர் பக்கம் ஆறு சென்ட் இடத்துக்காரர் தானே பதிவு போட்டார். கட்டத்தில் "6" என்று அடித்தார், விலை இருபத்து நான்கு லட்சம் என்று போட்டார். சிஸ்டம் கணக்குப் போட்டு "ஒரு சதுர அடி ₹4,00,000" என்று கொட்டை எழுத்தில் காட்டியது. அந்தப் படம் எத்தனை வாட்ஸ்ஆப் குரூப்பில் சுற்றியதோ. கேலி ஒரு பக்கம் கிடக்கட்டும். உண்மையில் அந்த இடம் 2,613 சதுர அடிக்கு மேல் இருக்கிறது. 2,400க்கு மேல் வேண்டும் என்று தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது. இடம் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறார், நடுவில் எங்கள் சிஸ்டம் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், கொடுக்கும் பதிவு எண். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டையோ எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அபார்ட்மென்டையோ விற்பதற்கு முன் ரெராவில் பதிய வேண்டும். பதியாத ப்ராஜெக்டில் விற்பனைக்கு ஏஜென்ட் துணை போகக் கூடாது. மீறினால் நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அது இடத்தின் விலையில் ஐந்து சதவீதம் வரை போகலாம். அதனால் லேஅவுட் மனை என்றால் ரெரா எண்ணும் டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் எண்ணும் போடாமல் பதிவு மேலே ஏறவே கூடாது என்று கேட்டோம். ஒரு கட்டாயக் கட்டம், ஒரு தடை. அவ்வளவுதான் வேலை.

அப்புறம் ஒரே இடத்தை இரண்டு பேர் இரண்டு விலையில் ஏற்றுவதைப் பிடிக்க வேண்டும், வாங்குகிறவர்களின் விசாரணை வந்தால் உடனே போனுக்கு வர வேண்டும். கலர், அழகு, வீடியோ எல்லாம் கடைசி. பணம் மிஞ்சினால் பார்க்கலாம் என்றே சொன்னோம்.

இப்போது நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படித்தான் உங்களிடமும் வருவார்கள். அந்த நிறுவனத்தின் மேனேஜர் எங்கள் ஆபீசுக்கே வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு போன். பாலக்காட்டிலிருந்து ஒரு குடும்பம் கார் எடுத்துக்கொண்டு தொண்டாமுத்தூர் வரை வந்துவிட்டது, அவர்கள் பார்க்க வந்த இடம் எப்போதோ விற்றுப்போனது. அந்தப் பெரியவர் திட்டுவது எதிரில் இருந்த மேனேஜருக்கே கேட்டது. நான் போனை வைத்ததும் அவர் லேப்டாப்பை மூடினார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து "விற்ற இடம் மறையணும்" என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் 1 போட்டு இரண்டு முறை வட்டம் சுற்றினார். "மேடம், இதை முடிக்காம வேற எதையும் தொடமாட்டோம். நீங்க சொல்ற வரிசைதாங்க எங்க வரிசை" என்றார். அன்று சாயங்காலமே அதே வரிசையில் மெசேஜும் அனுப்பினார். எங்கள் வலியைக் கண்ணால் பார்த்த மனுஷன் என்று நம்பினோம். தம்பி அன்றைக்கே தொண்ணூறாயிரம் அனுப்பினான்.

அடுத்த வாரம் ஒப்பந்தம் என்று ஒன்று வந்தது. அவர்களே தயாரித்தது. அதில் "மாட்யூல் டெவலப்மென்ட், யூஸர் இன்டர்ஃபேஸ் மேம்பாடு" என்று பொதுவாக இருந்தது. வரிசையைப் பற்றிக் கேட்டேன். "அது ப்ராஜெக்ட் பிளான்ல தனியா வரும் மேடம், அக்ரிமென்ட்ல அதெல்லாம் போடமாட்டோம்" என்றார்கள். அந்தத் தனி பிளான் கடைசி வரை வரவே இல்லை.

முதல் டெமோ. திரை பளபளவென்று வந்தது. முகப்பில் மேகத்துக்குள்ளிருந்து இறங்குகிற ட்ரோன் வீடியோ, அதில் தெரிவது எந்த ஊர் என்றே தெரியவில்லை. இஎம்ஐ கணக்குப் போடும் பெட்டி. வலது மூலையில் "நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்" என்று ஒரு சாட்பாட். சென்ட் என்று அடித்தால் வாசனைத் திரவியம் பற்றி ஆங்கிலத்தில் பதில் சொன்னது. கறுப்புத் திரை, வெள்ளைத் திரை மாற்ற ஒரு பொத்தான். இதில் ஒன்றையும் நாங்கள் கேட்கவில்லை. "விற்றது பொத்தான் எங்கேங்க?" என்றேன். "அது பேக்எண்ட் மேடம், அடுத்த ஸ்பிரின்ட்ல வருது." பேக்எண்ட் என்றால் திரைக்குப் பின்னால் ஓடுகிற பகுதி, ஸ்பிரின்ட் என்றால் அவர்கள் வேலையைப் பிரித்துச் செய்கிற ஒரு சுற்று. கல்யாண வீட்டில் சமையலுக்கு ஆள் சொல்லாமல் பந்தலுக்கு சீரியல் லைட் கட்டி முடித்த மாதிரி இருந்தது. இந்த நிலையில் இரண்டாவது தவணை அறுபதாயிரத்தைக் கட்டினால்தான் அடுத்த ஸ்பிரின்டே தொடங்கும் என்றார்கள். கட்டினோம்.

அதன் பிறகு நடந்தது எல்லாமே தட்டிக்கழிப்பு. பேக்லாக்கில், அதாவது பாக்கி வேலைப் பட்டியலில், இருக்கிறது என்பார்கள். டிக்கெட் போட்டாயிற்று, டிக்கெட் நம்பர் வரும் என்பார்கள். டெவலப்பர் ஊருக்குப் போயிருக்கிறார், அப்புறம் அந்த டெவலப்பர் வேலையையே விட்டுவிட்டார், புதியவர் புரோகிராமைப் படிக்க நேரம் வேண்டும். மேனேஜருக்கு போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறார். மெசேஜில் நீல டிக் விழும், பதில் வராது. சிவப்பு வட்டம் போட்ட அதே மனிதர் ஒருநாள் எடுத்து, "மேடம், பிரயாரிட்டி எல்லாம் டெக்னிக்கல் டீம்தான் முடிவு பண்ணுவாங்க, அதுல நான் தலையிட முடியாது" என்றார். அவர் அனுப்பிய மெசேஜை அவருக்கே திருப்பி அனுப்பினேன். "அது சும்மா ஒரு டிஸ்கஷனுக்குங்க மேடம்."

சென்ட் கணக்கைக் கேட்டால் அது சேஞ்ச் ரிக்வெஸ்ட்டாம், அதாவது புதிதாகக் கேட்ட வேலையாம், தனியாக முப்பதாயிரம். ஒரு கட்டம் சேர்த்து 435.6 ஆல் பெருக்குவதற்கு முப்பதாயிரம். அதையும் கொடுத்தோம், ஏனென்றால் அதற்குள் பழைய சிஸ்டத்தை அவர்கள் நிறுத்திவிட்டார்கள், திரும்பிப் போக வழியில்லை. தொண்ணூறு, அறுபது, முப்பது. ஒரு லட்சத்து எண்பதாயிரம். கட்டம் வந்தது. பெருக்கியது 435 ஆல். 0.6தானே, அதில் என்ன என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு ஏக்கர் தோட்டத்தில் 120 சதுர அடி காணாமல் போகிறது. பத்திரத்தில் ஒரு அளவு, எங்கள் தளத்தில் ஒரு அளவு. வாங்குகிறவர் எங்களைத்தான் சந்தேகப்படுவார்.

இதைவிட மோசமானது போன வாரம் தெரிந்தது. புதுத் தளம் வந்ததிலிருந்து விசாரணையே வரவில்லை, மார்க்கெட் டல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். துபாயிலிருந்து ஒருவர் எங்கள் உறவினர் வழியாகக் கூப்பிட்டு, "உங்க சைட்ல மூணு தடவை ஃபார்ம் நிரப்பினேன், ஒருத்தரும் கூப்பிடலையே" என்றார். தம்பியே உட்கார்ந்து ஒரு ஃபார்ம் நிரப்பிப் பார்த்தான். திரையில் "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று வந்தது. எங்கள் மெயிலுக்கு ஒன்றும் வரவில்லை. அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் சொன்னார்கள், ஃபார்மில் டெஸ்டிங்குக்காகப் போட்ட அவர்களுடைய மெயில் முகவரியே இருந்துவிட்டதாம். தளம் திறந்த நாளிலிருந்து வந்த ஒவ்வொரு விசாரணையும் யாருமே பார்க்காத ஒரு பெட்டியில் கிடந்திருக்கிறது. பெயர், போன் நம்பர், பட்ஜெட் எல்லாம். அங்கே இருந்த பெண் "சாரிங்க மேடம்" என்று ஒரு எக்ஸெல் ஷீட்டை அனுப்பிவைத்தாள். அதில் பாதிப் பேருக்கு நாங்கள் கூப்பிட்டபோது வேறு எங்கோ இடம் வாங்கியிருந்தார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை விட இந்த நஷ்டம் பெரியது, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ரெரா கட்டம் இன்றுவரை இல்லை. பதிவு எண்ணே இல்லாமல் யார் வேண்டுமானாலும் லேஅவுட் மனையை ஏற்றலாம். அதனால் வெளியாட்கள் தாங்களே பதிவு போடும் வசதியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றையும் நானே ரெரா தளத்தில் சரிபார்த்து ஏற்றுகிறேன். விற்ற இடங்களைத் தம்பி ராத்திரி உட்கார்ந்து கையால் எடுக்கிறான். சிவப்பு வட்டத்துக்குள் இருந்த முதல் வேலை அதுதான். சாட்பாட் மட்டும் ஒருநாள் விடாமல் வேலை செய்கிறது.

சரி, சோர்ஸ் கோடாவது (புரோகிராமாக எழுதிய மூலம்) கொடுங்கள், வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டோம். அது அவர்களுடைய சொத்தாம். விசாரித்துப் பார்த்தேன், காப்பிரைட் (பதிப்புரிமை) சட்டம் உண்மையிலேயே அவர்கள் பக்கம்தான் சாய்கிறது: வெளியாளிடம் காசு கொடுத்து எழுதவைத்த புரோகிராமாக இருந்தாலும், உரிமையை எழுத்தில் மாற்றிக் கையெழுத்துப் போடாவிட்டால் எழுதியவரிடமே இருக்கும். ஹோஸ்டிங்கும், அதாவது தளம் ஓடுகிற சர்வர் இடமும், அவர்கள் அக்கவுன்டில். டொமைன், அதாவது தளத்தின் முகவரி, மட்டும் அப்பா பெயரில் பழையபடி இருந்ததால் தப்பித்தது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது பொறுமை இல்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த வேலை முதலில், எது இரண்டாவது என்ற வரிசை ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் இருந்தால் போதாது. தவணையைத் தேதிக்கோ ஸ்பிரின்டுக்கோ கட்டாதீர்கள், முதல் வேலை உங்கள் கையிலிருக்கும் போனில் நடந்தால்தான் இரண்டாவது தவணை. டெமோவில் அவர்கள் காட்டுவதைப் பார்க்காதீர்கள், உங்கள் பதிவு ஒன்றை நீங்களே ஏற்றி, விற்றதாக்கி, ஒரு விசாரணையும் அனுப்பிப் பாருங்கள், அது யார் மெயிலுக்குப் போகிறது என்று பாருங்கள். கோட் உரிமை, ஹோஸ்டிங் பாஸ்வேர்ட், டொமைன் மூன்றும் உங்கள் பெயரில். புதுசு முழுதாக ஓடும்வரை பழைய சிஸ்டத்தில் கை வைக்க விடாதீர்கள்.

வக்கீலிடம் ஒப்பந்தம், மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது எல்லாம் கொடுத்திருக்கிறோம். திங்கட்கிழமை நோட்டீஸ் போகிறது. ஒரு லட்சத்து எண்பதாயிரமும் முழுதாகத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். கோவைப் பக்கம் இதே அனுபவம் வேறு ஏஜென்ட் யாருக்காவது இருந்தால் என் இன்பாக்சுக்கு வாருங்கள், நோட்டீஸ் போகும் முன் பேசிக்கொள்ளலாம்.