ஹேண்ட்பிரேக் தளர்ந்தால் கை வைக்க வேண்டியது கேபிளிலா, டிரம்மிலா?

ஐந்து கிளிக்கில் இறுகப் பிடித்துக்கொண்டிருந்த ஹேண்ட்பிரேக், இப்போது பத்து கிளிக் இழுத்தும் சரிவில் வண்டியை நிறுத்த மாட்டேன் என்கிறது. இதைச் சரிசெய்ய நான்கு வழிகள் உண்டு. லீவருக்கு அடியில் இருக்கும் கேபிள் நட்டை இறுக்கலாம். பின்சக்கரத்தின் பேக் பிளேட்டில் (டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகடு) உள்ள ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு, பிரேக் ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் திருப்பலாம். டிரம்மையே கழற்றி உள்ளே பார்த்துச் செய்யலாம். இல்லாவிட்டால் "இதெல்லாம் ஆட்டோமேட்டிக், தானே அட்ஜஸ்ட் ஆகிவிடும்" என்று விட்டுவிடலாம். நான்கையும் நான் செய்திருக்கிறேன். செய்த வரிசைதான் தவறு.

டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் கிண்ணம் போன்ற பகுதி. அதற்குள் பிரேக் ஷூ எனப்படும் இரண்டு வளைந்த கட்டைகள் இருக்கின்றன. காலால் மிதித்தால் வீல் சிலிண்டர் அவற்றை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் கேபிள் ஒரு சின்ன நெம்புகோலை இழுத்து அதே ஷூக்களை விரிக்கிறது. ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும். அந்த இடைவெளியைக் கடக்கத்தான் லீவர் மேலே மேலே போகிறது. கேபிள் நீள்வதும் உண்டுதான், ஆனால் பெரும்பாலும் குற்றவாளி அதுவல்ல.

எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. சமதரையில் வண்டியை நிறுத்தி, பிரேக் பெடலை மிதித்து எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். பிறகு ஹேண்ட்பிரேக்கை நாலைந்து கிளிக் இழுத்துவிட்டு மறுபடி மிதியுங்கள். இப்போது பெடல் முன்பைவிட மேலேயே நின்றால், பின் ஷூக்களில் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். அப்புறம் கேபிள் பக்கம் போகவே வேண்டாம், முதலில் டிரம்தான்.

ஆனாலும் எல்லோரும் முதலில் போவது கேபிளுக்குத்தான். நானும் போனேன். கன்சோலைத் தூக்கி ஒரு ஸ்பேனரால் நட்டை நாலு சுற்று சுற்றினால் பத்தே நிமிடத்தில் லீவர் கம்பீரமாக நிற்கும். ஜாக்கி வேண்டாம், கையில் அழுக்கும் படாது. உள்ளே நடப்பது வேறு. கேபிள் அதிகமாக இழுபட்டிருந்தால் டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோல் தன் ஓய்வு நிலைக்குத் திரும்பாது. பல வண்டிகளில் இடைவெளியைத் தானே குறைக்கும் ஆட்டோ அட்ஜஸ்டர் வேலை செய்ய அந்த நெம்புகோல் முழுதாகத் திரும்பியிருக்க வேண்டும். அது திரும்பாததால் அட்ஜஸ்டர் செத்துப்போகிறது, இடைவெளி கூடுகிறது, மறுபடி நட்டை இறுக்குகிறோம். இப்படி மூன்று முறை இறுக்கிய பிறகு, ஒரு நீண்ட பயணத்தின் முடிவில் பின்சக்கரத்தில் கருகிய வாடை வந்தது. திறந்து பார்த்தால், துருப்பிடித்த கேபிள் உறைக்குள்ளேயே சிக்கி, ஷூ பின்வாங்காமல் உரசி, டிரம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பெடலும் அதற்குள் பாதி ஆழம் போய்க்கொண்டிருந்தது. லீவர் நன்றாக இருந்ததால் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

கேபிள் நட்டை முதலில் தொடுவது சரியாக இருக்கும் நேரமும் உண்டு. புதுக் கேபிள் போட்டிருந்தால் தொடக்கத்தில் கொஞ்சம் நீண்டு அமரும். அப்போது ஒருமுறை இறுக்குவதில் தவறில்லை.

ஓட்டை வழி இதைவிட நேர்மையானது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே ஹேண்ட்பிரேக்கை விடுவிக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள். ஓட்டையை மூடியிருக்கும் ரப்பரை எடுத்து, ஸ்க்ரூடிரைவரால் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைச் சக்கரம் இறுகும் வரை திருப்பி, பிறகு சில பல் பின்வாங்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் கேட்க வேண்டும், சுற்றுவதற்குத் தடை இருக்கக் கூடாது. பின்வாங்கும்போதுதான் எரிச்சல்: உள்ளே ஒரு தகடு பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். இன்னொரு மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அதை ஒதுக்கிப் பிடித்தால்தான் திரும்பும். எல்லா வண்டியிலும் இந்த ஓட்டை இருக்காது என்பது ஒரு குறை. பெரிய குறை, இது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை. லைனிங் எவ்வளவு மிச்சம், வீல் சிலிண்டர் கசிகிறதா, ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, எதுவும் தெரியாது.

டிரம்மைக் கழற்றினால் எல்லாம் தெரியும். அரை நாள் போகும், போகட்டும். விளிம்பில் தேய்மான மேடு கட்டியிருந்தால் டிரம் வராது. அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். பல டிரம்களில் இரண்டு மரை ஓட்டைகள் இருக்கும், அவற்றில் போல்ட்டை மாறிமாறி முறுக்கினால் தானே வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியை ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரப்படுத்தித் துடைத்தெடுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் சேர்ந்திருந்தால் கசிவு ஆரம்பித்துவிட்டது. எண்ணெய் ஊறிய ஷூவை எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் பிடிக்காது. டிரம்மில் அதிகபட்ச விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எங்கே என்று மறந்தால் மறுபக்கம் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு முக்கிய காரணமும் உண்டு: பல்சக்கர அட்ஜஸ்டர்களில் இடது, வலது மரைகள் பெரும்பாலும் எதிரெதிர் திசையில் இருக்கும். மாற்றிப் போட்டுவிட்டால் அட்ஜஸ்டர் நீள்வதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் சுருங்கிக்கொண்டே போகும்.

சரி, ஆட்டோ அட்ஜஸ்டரை நம்பலாமா? சுத்தமாக இருக்கும்வரை நம்பலாம். ஆனால் அது எப்போது வேலை செய்யும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் பின்னோக்கிப் போய் பிரேக் பிடிக்கும்போது, சிலவற்றில் சாதாரணமாகப் பெடலை மிதிக்கும்போது, வேறு சிலவற்றில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து விடும்போது. மூன்றாம் வகை வண்டியை கியரில் போட்டே நிறுத்திப் பழகியவருக்கு அட்ஜஸ்டர் இருந்தும் இல்லாததுதான். ரிவர்ஸில் பத்து முறை பிரேக் அடித்தால் சரியாகிவிடும் என்ற அறிவுரையும் முதல் வகைக்கு மட்டுமே பொருந்தும்.

என் தேர்வு இது. வாங்கிய பிறகு ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத வண்டி என்றால் டிரம்மைக் கழற்றுவது தவிர வேறு பேச்சே இல்லை. உள்ளே நல்ல நிலை என்று அண்மையில் பார்த்திருந்தால் ஓட்டை வழி போதும். இரண்டிலும் கேபிளை முதலில் தளர்த்திவிட வேண்டும். ஷூவைச் சரிசெய்து, ஷூக்கள் நடுவில் அமர பெடலைச் சில முறை நன்றாக மிதித்து, இடைவெளியை மறுபடி பார்த்து, கடைசியாகத்தான் கேபிள் நட்டு. எத்தனை கிளிக் என்பதற்கு வண்டியோடு வந்த கையேடுதான் பதில்; பல கார்களில் அது 4 முதல் 8-க்குள் இருக்கும். லீவர் கீழே இருக்கையில் இரண்டு சக்கரமும் தடையின்றிச் சுழல வேண்டும், இழுக்கும்போது இரண்டும் ஒன்றுபோல இறுக வேண்டும். இரு கேபிள்களும் சேரும் இடத்தில் உள்ள ஈக்வலைசர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், ஒரு கேபிள் சிக்கியிருக்கிறது, அல்லது ஒரு பக்க ஷூவில் இடைவெளி அதிகம்.

பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, புறங்கையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சூடு தானாகத் தெரியும். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்தப் பக்கம் இன்னும் ஓரிரு பல் பின்வாங்க வேண்டியிருக்கிறது.