பதினெட்டுத் தட்டுகளும் ஒரு காலிப் பெட்டியும்

அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி உயிரோடு இருந்திருந்தால் 2005 ஜனவரி 8 அன்று அவருக்கு 70 வயது நிறைந்திருக்கும். அந்தப் பிறந்தநாளை முன்னிட்டு, பிரிட்டனின் சிங்கிள் (ஓரிரு பாடல்கள் மட்டும் அடங்கிய தட்டு) விற்பனைப் பட்டியலில் அதுவரை முதலிடம் கண்டிருந்த அவருடைய 18 வெளியீடுகளையும் வாரத்துக்கு ஒன்றாக அவருடைய இசைத்தட்டு நிறுவனமான ஆர்.சி.ஏ. மறுபடியும் கடைகளுக்கு அனுப்பியது. ஒவ்வொன்றும் சிடியாகவும் 10 அங்குல வினைல் தட்டாகவும், வரிசை எண் இடப்பட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் வந்தது. பழைய சிங்கிள்கள் மறுவெளியீட்டின் மூலம் பட்டியலுக்குத் திரும்பிய கதைகள் பல உண்டு என்றாலும், அந்தத் திரும்புதலையே சரக்காகக் கட்டி இவ்வளவு வெளிப்படையாக விற்றது அரிது. இத்தொடரின் தட்டுகள் இன்றும் பழைய இசைத்தட்டுச் சந்தையில் தனித்தனியாகவும் முழுத் தொகுப்பாகவும் கைமாறிக்கொண்டிருப்பதால், வாங்க நினைப்பவர் என்ன எதிர்பார்க்கலாம் என்று எழுதுவது பயனற்ற வேலையாக இருக்காது.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொடரைத் திறந்துவைத்தது 1957ஆம் ஆண்டின் 'ஆல் ஷுக் அப்'. அதோடு, பின்னால் வரவிருக்கும் தட்டுகளை அடுக்கி வைப்பதற்கான சேகரிப்புப் பெட்டி ஒன்றும் கொடுக்கப்பட்டது. பிரிட்டனின் பட்டியல் விதிகளின்படி இப்படிப்பட்ட இணைப்போடு வரும் சிங்கிள் கணக்கில் சேராது என்பதால், 'ஆல் ஷுக் அப்' எத்தனை விற்றிருந்தாலும் பட்டியலில் ஏற முடியாது. அதைத் தெரிந்தே பலி கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பெருங்காயம் தீர்ந்த பிறகும் டப்பா மணக்கும் என்பார்கள்; இங்கே பெருங்காயத்துக்கு முன்பே டப்பா வீட்டுக்கு வந்துவிட்டது. பாதி காலியாக நிற்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு அடுத்த வாரம் கடைக்குப் போகாமல் இருக்கச் சேகரிப்பாளரின் மனம் இடம் கொடுக்காது என்பதைக் கண்டுகொண்ட வணிக மூளைக்கு முழு மதிப்பெண் தரலாம்.

பட்டியலில் நடந்ததும் அந்த மூளைக்குச் சாதகமாகவே நடந்தது. கிறிஸ்துமஸ் ஆரவாரம் அடங்கிய ஜனவரியில் சிங்கிள் விற்பனை மந்தமாக இருக்கும். இணையத் தரவிறக்கங்கள் அந்த ஆண்டு ஏப்ரலில்தான் முதன்மைப் பட்டியலின் கணக்கில் சேர்ந்தன. அதுவரை கையில் பிடிக்கக்கூடிய தட்டுகள் மட்டுமே எண்ணப்பட்டன. அவற்றின் விற்பனையோ ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டிருந்தது. இப்படி வாசல் தாழ்ந்திருந்த நேரத்தில், 1958இல் பிரிட்டன் பட்டியலில் நுழைந்த வாரமே முதலிடம் பெற்ற முதல் சிங்கிள் என்ற பெருமைக்குரிய 'ஜெயில்ஹவுஸ் ராக்', 47 ஆண்டுகள் கழித்து அதையே திரும்பச் செய்தது. அடுத்த வாரம் வந்த 'ஒன் நைட்', மறுபக்கத்துப் பாடலான 'ஐ காட் ஸ்டங்'குடன் சேர்ந்து, பிரிட்டனின் 1000ஆவது முதலிடப் பாடல் என்று வரலாற்றில் பதிவானது. அந்த வாரத்தில் அது விற்றது சுமார் 20,000 பிரதிகள் மட்டுமே. மாத இறுதியில் முதலிடத்தைத் தொட்ட 'இட்ஸ் நவ் ஆர் நெவர்' 1960இல் முதன்முதலாக வந்தபோது பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், ஒரே பட்டியலின் ஒரே படியில் 45 ஆண்டுகளில் எவ்வளவு வேறுபட்ட உயரங்கள் இருந்திருக்கின்றன என்பது விளங்கும்.

ஆகவே இதைப் பாடல்களின் மறுவரவு என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எண்ணிட்ட பிரதி தீர்ந்துவிடும் என்று முதல் வாரத்திலேயே எல்லோரும் பந்திக்கு முந்திவிட்டால், இரண்டாவது வாரத்தில் வாங்க ஆள் ஏது? நுழைந்த வேகத்திலேயே இறங்கி, அடுத்த தட்டுக்கு இடம்விட்டு நகர்வதுதான் இத்தொடரின் இயல்பாக இருந்தது. அதே 2005இன் மார்ச்சில் டோனி கிறிஸ்டியின் 'அமரில்லோ' பாடல், நகைச்சுவைக் கலைஞர் பீட்டர் கே தொண்டு நிதிக்காக நடித்த காணொளியோடு மறுவெளியீடு கண்டது. 1971இல் 18ஆம் இடத்தைத் தாண்டாத அந்தப் பாடல் இம்முறை ஏழு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டது. எல்விஸ் தொடரின் பிற்பகுதித் தட்டுகள் அதன் நிழலில்தான் வந்து போயின. இசைத்தட்டுச் சேகரிக்கும் வழக்கமே இல்லாதவர்களும் 'அமரில்லோ'வை வாங்கினார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் இந்த வேறுபாடு மேலும் துலங்கும். ஜாக்கி வில்சன் 1957இல் பாடிய 'ரீட் பெட்டீட்', களிமண் பொம்மைகளை அசைத்து எடுத்த ஒரு காணொளி பிபிசியில் காட்டப்பட்டதன் பலனாக 1986இன் கிறிஸ்துமஸுக்கு முதலிடம் வந்தது. பாடியவர் 1984இலேயே இறந்துவிட்டிருந்தார். அடுத்த சில வாரங்களில், 1987இன் தொடக்கத்தில், லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரங்களில் ஒலித்த பென் ஈ. கிங்கின் 'ஸ்டாண்ட் பை மீ' முதலிடத்திலும் பெர்சி ஸ்லெட்ஜின் 'வென் எ மேன் லவ்ஸ் எ உமன்' இரண்டாமிடத்திலும் ஒரே நேரத்தில் நின்றன. இரண்டும் அறுபதுகளின் பாடல்கள். ஜீன்ஸ் விற்பதற்காகப் பாட்டை எடுத்தவர்களின் நோக்கம் தூய்மையானது என்று யாரும் வாதிடப்போவதில்லை. ஆயினும் அந்தப் பாடல்களை முன்பின் கேட்டறியாத ஒரு தலைமுறையின் காதில் அவை புதிதாக விழுந்தன, பிடித்துப்போயின, அதன் பிறகே கடைகளில் தேடப்பட்டன. எல்விஸ் தொடரில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குப் பாட்டு மனப்பாடம். அவர்கள் வாங்கியது அவரை மறுபடி முதலிடத்தில் பார்க்கும் ஆசையை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டுத் தட்டுகளைச் சுழலவிட்டால், குறையெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு மறந்துபோகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஆல் ஷுக் அப்' பாட்டில் எல்விஸ் தம் கிதாரின் முதுகில் தட்டும் ஓசை தாளமாகவே கேட்கிறது. 'ஜெயில்ஹவுஸ் ராக்' தொடக்கத்தில் ஸ்காட்டி மூரின் கிதாரும் டி.ஜே. ஃபான்டானாவின் டிரம்ஸும் இரண்டிரண்டு அடியாக விழுந்து, இடையில் குரலுக்கு மட்டும் வெற்றிடம் விடுகின்றன. சிடியில் இவை துல்லியமாகக் கேட்கின்றன என்றாலும், இவ்வரிசைக்குப் பொருத்தமான வடிவம் 10 அங்குலத் தட்டுதான் என்பது என் கருத்து. அவருடைய ஐம்பதுகளின் பாடல்கள் பிரிட்டனில் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளாகவும் விற்றவை. அவற்றின் விட்டமும் அதுவே. கையில் எடுக்கும்போது அந்த அளவு ஒரு பழைய நினைவைக் கூடவே எடுத்துவருகிறது.

ஆனால் தொகுப்பின் உண்மையான மகுடம் 1960. ராணுவச் சேவை முடிந்து ஜெர்மனியிலிருந்து திரும்பிய எல்விஸ், அவ்வாண்டு ஏப்ரல் 3 இரவு நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்து விடியும்வரை பாடினார். 'ஓ சோலே மியோ' என்ற, இத்தாலியின் நாப்போலி நகரத்து மெட்டில் அமைந்த 'இட்ஸ் நவ் ஆர் நெவர்', 1920களின் பழம்பாட்டான 'ஆர் யூ லோன்சம் டுநைட்' ஆகிய இரண்டும் அந்த ஒரே இரவின் விளைச்சல். முன்னதில் குரலை முழுவீச்சில் விரித்து இறுதி உச்சத்துக்கு ஏற்றியவர், பின்னதைக் கூடத்தின் விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு இருட்டில் பாடினார். அதன் நடுவே வரும் பேச்சுப் பகுதியில் குரல் எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைத் தலையணி மாட்டிக் கேட்டவர்கள் அறிவார்கள். அடுத்தடுத்த வாரங்களில் வந்த இந்த இரண்டு தட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பது, 18ஐயும் வரிசையாகக் கேட்பதைவிட நிறைவானது. அவற்றைத் தொடரும் 'வுடன் ஹார்ட்' ஜெர்மானிய நாட்டுப்புற மெட்டிலும், 'சரண்டர்' இன்னொரு நாப்போலிப் பாடலின் மெட்டிலும் அமைந்தவை. 'வுடன் ஹார்ட்' எனக்கு ஒருமுறை போதும்.

தொகுப்பின் பெரிய பலவீனம் அதன் தேர்வு முறை. பிரிட்டனில் முதலிடம் பெற்றதா இல்லையா என்ற ஒரே அளவுகோலால் அளந்ததில், 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்', 'ஹவுண்ட் டாக்', 'இன் த கெட்டோ', 'சஸ்பீஷியஸ் மைண்ட்ஸ்' ஆகியவை வெளியே நிற்கின்றன, ஏனெனில் இவை நான்கும் அங்கே இரண்டாமிடத்தோடு நின்றுவிட்டவை. 1954, 1955ஆம் ஆண்டுகளில் மெம்ஃபிஸின் சன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த பாடல்களின் சுவடே இல்லை. 1965இன் 'க்ரையிங் இன் த சாப்பல்' தட்டிலிருந்து (அதுவே 1960இல் பதிவான பாடல்) 1970இன் 'த ஒண்டர் ஆஃப் யூ'வுக்கு ஒரே தாவலாகத் தாவுவதால், 1968இல் தொலைக்காட்சி வழியாக அவர் மீண்டெழுந்த காலம் முழுவதும் விடுபட்டுப்போகிறது. எல்விஸை அறிந்துகொள்ள விரும்பும் புதியவர் ஒருவருக்கு இந்தப் பெட்டியைப் பரிந்துரைத்தால், எலும்புகள் சில விடுபட்ட எலும்புக்கூட்டைக் காட்டி உடலை விளக்குவதாகிவிடும்.

கடைசித் தட்டான 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்' 2002இல் டச்சு இசைக்கலைஞர் ஜங்கி எக்ஸ்எல் மறுகலவை செய்து, நைக்கியின் உலகக் கோப்பை விளம்பரத்தின் வழியே நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. மூன்றே ஆண்டுப் பழசு. அதை மறுவெளியீடு என்பதைவிடக் கணக்கை 18 ஆக்கிய தட்டு என்பதே சரி.

2007இல், அவர் இறந்த 30ஆம் ஆண்டில், வேறு 18 பாடல்களோடு இதே உத்தி மறுபடி முயலப்பட்டது. ஒன்றும் முதலிடத்தை எட்டவில்லை. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்தே தட்டு வெளிவராத பாடல்களும் தரவிறக்க விற்பனையால் பட்டியலில் இடம்பெறலாம் என்ற விதி வந்துவிட்டது. 2014இல் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்தது. 2022இல் கேட் புஷ்ஷின் 1985ஆம் ஆண்டுப் பாடலான 'ரன்னிங் அப் தட் ஹில்' ஒரு தொலைக்காட்சித் தொடரால் முதலிடத்துக்கு ஏறியபோது, அதற்குப் புதிய உறையோ பெட்டியோ தேவைப்படவில்லை. பழைய பாடல்களின் கேட்பு எண்ணிக்கையைப் பாதியாகக் கணக்கிடும் விதியிலிருந்து அதற்கு விலக்கு அளிக்கப்பட்டதுதான் தேவைப்பட்டது.

வாங்குவது என்று முடிவு செய்பவர்களுக்கு: முழுத் தொகுப்பைத் தேடுபவர்கள் பெட்டி உடன் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்; பெட்டியில்லாத 18 தட்டுகள் சேகரிப்பாளர் கண்ணில் வெறும் 18 தட்டுகள்தான். கேட்பதற்காக மட்டும் வாங்குபவர்கள் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 'ஜெயில்ஹவுஸ் ராக்', 1960ஆம் ஆண்டின் அந்த இரட்டையர், இரு பக்கமும் சமபலத்தோடு நிற்கும் 'ஹிஸ் லேட்டஸ்ட் ஃப்ளேம்' மற்றும் 'லிட்டில் சிஸ்டர்' அடங்கிய தட்டு, பிறகு 1977இன் 'வே டவுன்'. இந்த ஐந்தாவது, எல்விஸின் மரணத்துக்குப் பிறகு முதலிடம் போனது. அவருடைய வீட்டிலேயே பதிவானது. அதன் முடிவில் அவரோடு பாடும் ஜே.டி. சம்னரின் குரல் ஆழத்துக்கு இறங்கிப்போகும் அந்தக் கடைசிச் சுரத்தை, சிறிய ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள்.