டொக்கு வைக்கிற பையனுக்கு பவுலிங் மெஷின் வலை சரிப்படுமா?

சேலம் ஐந்து ரோட்டைத் தாண்டி தகர ஷெட்டுக்குள் ஓடும் இந்த வலை, அதாவது பந்தைத் தானே வீசும் மெஷின் வைத்த கிரிக்கெட் பயிற்சிக் கூடம், சிக்ஸர் அடித்துப் பழக வருகிறவர்களை நம்பி நடக்கிறது. டெஸ்ட் வீரர் புஜாரா மாதிரி டொக்கு வைத்து, அதாவது ஓங்கி அடிக்காமல் தடுத்து, நின்று ஆட வேண்டிய பையனை இங்கே அனுப்பலாமா? தாராளமாக அனுப்பலாம். ஆனால் மெஷினை அவர்கள் வைத்தபடியே விட்டுவிட்டால் காசு தண்டம்.

முதல் கோளாறு நீளம். பவுலர் பந்தை விடும் இடத்தைவிட மெஷின் 2 மீட்டர் முன்னால் நிற்கிறது. டயலில் 110 கி.மீ. என்று இருந்தாலும், கிரீஸில் நிற்பவனுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 124 கி.மீ. பந்துக்கான நேரம்தான். 95-இல் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அடுத்தது தரை. சிமென்ட் மேல் மேட் விரித்திருப்பதால் குட் லெங்த் பந்துகூட (ரொம்பக் கிட்டவும் இல்லாமல் தள்ளியும் இல்லாமல் விழுவது) இடுப்புக்கு மேல் எழும்புகிறது. நாலு நாள் இப்படி ஆடினால் பையன் முன்காலை நீட்டவே யோசிப்பான். மெஷினின் தலையைச் சற்று மேலே தூக்கி, ஸ்டம்பிலிருந்து 4 மீட்டரில் பந்து விழும்படி வைத்தால் முன்கால் தடுப்பாட்டம் பழக வழி கிடைக்கும்.

கை மென்மையாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: பேட் நிற்கும் இடத்திலிருந்து 2 மீட்டரில் சாக்பீஸால் ஒரு வளைவு போடுங்கள். தடுத்த பந்து அதைத் தாண்டி உருண்டால் கீழ்க்கை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். கீழ்க்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிடித்தால் போதும்.

பந்தை ஆடாமல் விடுவதில்தான் இந்த வலை ரொம்பவே ஏமாற்றும். ஒரே இடத்தில் 30 பந்து வந்தால், ஐந்தாவது பந்துக்குப் பிறகு பையன் பந்தைப் பார்த்து விடுவதில்லை, மனப்பாடத்தில் விடுகிறான். 2023-இல் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் நினைவிருக்கும். கேமரூன் கிரீனின் பந்தை வெளியே போகிறது என்று பேட்டைத் தூக்கிய புஜாரா 14 ரன்னில் போல்டானார். பந்து உள்ளே திரும்பிவிட்டது. 103 டெஸ்ட் ஆடிய, அதற்குப் பிறகு டெஸ்ட் ஆடாத மனிதருக்கே அந்த கதி. ஆகவே மூன்று பந்துக்கு ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல் மெஷினின் தலையைத் திருப்பச் சொல்லுங்கள். போடுகிறவரிடம் "தம்பி, பந்தைத் தூக்கிக் காட்டிட்டுப் போடுங்க" என்று சொல்லி வைப்பதும் அவசியம். இல்லாவிட்டால் பேட்டை எப்போது தூக்குவது என்றே பிடிபடாது.

தள்ளிக் குத்தி நெஞ்சுக்கு எழும்பும் ஷார்ட் பாலுக்கு இந்த எகிறும் மேட் உண்மையிலேயே உதவும். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் டெஸ்டில் அறிமுகமான 2021 பிரிஸ்பேன் ஆட்டத்தில், உடம்பெல்லாம் அடி வாங்கி 211 பந்தில் 56 எடுத்தாரே புஜாரா, அந்த வகைப் பயிற்சிக்கு ஏற்ற இடம். நெஞ்சு கார்டும் கை கார்டும் நீங்களே கொண்டு போக வேண்டும். அங்கே இருக்கும் ஹெல்மெட்டுக்கு நாடி வார் நிற்பதில்லை.

ஸ்பின்னுக்கு வேண்டவே வேண்டாம். குழி விழுந்த பிளாஸ்டிக் பந்தில் தையலும் இல்லை, பார்த்துப் படிக்க பவுலரின் மணிக்கட்டும் இல்லை. 2017-இல் ராஞ்சியில் 525 பந்து ஆடி 202 எடுத்த இன்னிங்ஸுக்கு ஆதாரம் கால் நகர்த்தல். அதற்கு மண் பிட்ச்சும் ஆள் போடும் பந்தும்தான் வேண்டும்.

வாடகை நேரக் கணக்கு. பந்து பொறுக்கும் நேரமும் அதில்தான் கழியும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே நிற்க முடியாது, காலை 6 மணிக்கே நேரம் கேட்டு வாங்குங்கள். கரண்ட் நிறுத்தும் நாளில் இன்வெர்ட்டரில் ஓட்டுகிறார்கள். அப்போது மெஷினில் பந்தை உந்தித் தள்ளும் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றாமல் பந்து கண்டபடி போகிறது. முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.