நெஞ்செரிவு இருக்கிறவர்கள் ஸ்லீவ் ஒபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்

என் மச்சாளின் சிநேகிதி ஒருத்தி போன கிழமை கோல் எடுத்தாள். எடை குறைக்கிற ஸ்லீவ் ஒபரேஷனுக்குத் திகதி எடுத்து அட்வான்சும் கட்டிவிட்டாளாம். “அக்கா, எனக்கு நெஞ்செரிவு இருக்கு. மெலிந்தால் அதுவும் போய்விடும் என்று சொன்னார்கள்” என்றாள். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கும் இதையேதான் சொன்னார்கள்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், பாடசாலையில் படிப்பிக்கிறேன். அப்போது 108 கிலோ. சீனி வருத்தம் தொடங்கியிருந்தது, முழங்கால் நோவில் மாடிப்படி ஏறுவதே பாடு. நெஞ்செரிவு அதற்கெல்லாம் முந்தியது. இரவில் புளித்த தண்ணீர் தொண்டை வரை வரும். காலி வீதியில் உள்ள பாமசியில் ஒமெப்ரசோல் வாங்கிப் போட்டே பத்து வருடம் ஓட்டியிருந்தேன்.

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணிப் போனேன். டொக்டர் எடை, சீனி, பிரஷர் எல்லாம் கேட்டார். எரிவைப் பற்றி நானாகவே சொன்னேன். மெலிந்தால் வயிற்றின் அழுத்தம் குறைந்து அது சரியாகிவிடும் என்றார். வெளியே பக்கேஜ் விபரம் சொன்ன பிள்ளையிடம், வாய் வழியாகக் கமரா விட்டு உள்ளே பார்க்கிற எண்டோஸ்கோபி செய்ய வேண்டாமா என்று கேட்டேன். “அது பக்கேஜில் இல்லை அன்ரி, அநேகமாகத் தேவைப்படாது” என்றாள். இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கிற பைபாஸ் என்று இன்னொரு முறை இருப்பதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

டொக்டர் சொன்னது முழுப் பொய் இல்லை. எடை குறைந்தால் பலருக்கு எரிவு குறையும். ஆனால் ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், வாழைப்பழம் போல ஒரு ஒடுங்கிய குழாய்தான் மிஞ்சும். அதற்குள் அழுத்தம் கூடும். உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தில் அமிலம் மேலே ஏறாமல் தடுக்கிற மடிப்பும் குலைந்து போகலாம். முன்பு எரிவே இல்லாதவர்களுக்குக்கூட இதற்குப் பிறகு புதிதாக வருவதுண்டு. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்கவும் முடியாது. பின்லாந்தில் 240 பேரை ஸ்லீவ், பைபாஸ் என்று பிரித்துச் செய்த ஆய்வொன்றின் பத்து வருட முடிவு 2022இல் வந்தது. உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 வீதம், பைபாஸ் செய்தவர்களில் 7 வீதம். கடுமையான எரிவு உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பைபாஸைத்தான் முதலில் யோசிப்பார்கள் என்பதை இதெல்லாம் நடந்த பிறகுதான் நான் அறிந்தேன்.

ஸ்லீவ் செய்துகொண்டேன். முதல் மூன்று மாதம் சந்தோஷமாகத்தான் போனது. 22 கிலோ குறைந்தது, சீனிக் குளிசையையும் குறைத்தார்கள். ஐந்தாம் மாதம் எரிவு திரும்ப வந்தது, இந்த முறை நெருப்பு மாதிரி. சொதி இரண்டு கரண்டி குடித்தாலும் மேலே வந்தது. படுத்தால் இருமல், மூச்சுத் திணறல். கதிரையில் சாய்ந்தபடியே எத்தனையோ இரவுகள் விடிந்தன. குரல் கம்மிப் போய் வகுப்பில் பிள்ளைகள் “மிஸ், கேட்கவில்லை” என்று சொல்லத் தொடங்கினார்கள்.

திரும்பப் போனபோது இரண்டு தடவையும் குளிசையைக் கூட்டி எழுதித் தந்தார்கள், அவ்வளவுதான். மூன்றாம் முறை நான் சத்தம் போட்டதும் சம்மதப் படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். முழுக்க ஆங்கிலம். எரிவு கூடலாம் என்று நடுவில் ஒரு வரி, அடியில் என் கையெழுத்து. ஒபரேஷனுக்கு முதல் நாள் இரவு எட்டு மணிக்கு, கையில் ஊசி ஏற்றிய பிறகு, கட்டிலில் வைத்து வாங்கிய கையெழுத்து அது. அந்தப் படிவத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வேறொரு டொக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “ஒபரேஷனுக்கு முந்திய எண்டோஸ்கோபி ரிப்போர்ட் எங்கே?” இல்லை என்றேன். அவர் செய்து பார்த்ததில் உணவுக்குழாயில் புண். இரைப்பையின் மேற்பகுதியும் நெஞ்சறைக்குள் ஏறியிருந்தது, அதை ஹையேட்டல் ஹேர்னியா என்கிறார்கள். முன்பே கண்டிருந்தால் ஸ்லீவோடு சேர்த்தே அதைச் சரிசெய்திருக்கலாம், அல்லது பைபாஸ் செய்திருக்கலாம். முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒருவரும் பார்க்கவில்லையே.

ஆகவே எரிவுக் குளிசை போடுகிற யாராவது இந்த ஒபரேஷனுக்குப் போவதாக இருந்தால், எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். எண்டோஸ்கோபி செய்யாமல் திகதி எடுக்காதீர்கள். எனக்கு ஏன் பைபாஸ் இல்லை என்று நேரே கேளுங்கள். பைபாஸிலும் கஷ்டங்கள் உண்டு, விற்றமின் குளிசை வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும், ஆனாலும் தெரிந்து தெரிவு செய்வது உங்கள் உரிமை. படிவத்தைச் சில நாட்களுக்கு முன்பே வாங்கி, விளங்கிய ஒருவரோடு இருந்து வாசியுங்கள். ஏற்கெனவே ஸ்லீவ் செய்தவர்கள் எரிவு இல்லாவிட்டாலும் பிறகு எண்டோஸ்கோபி செய்து பார்ப்பது பற்றி டொக்டரிடம் கேளுங்கள், உள்ளே புண் இருந்தும் சிலருக்குத் தெரிவதில்லை. விழுங்க நொந்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்கு ஸ்லீவைப் பைபாஸாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொரு ஒபரேஷன், இன்னொரு கடன். தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்கிற ஒழுங்குமுறைப் பேரவைக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மச்சாளின் சிநேகிதி நேற்று எண்டோஸ்கோபிக்கு நம்பர் எடுத்துவிட்டாள். ஒபரேஷனைத் தள்ளிப்போட்டால் அட்வான்சைத் திருப்பித் தர மாட்டார்களாம். போனால் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.