ஸ்பே பள்ளத்தாக்கின் காட்டுக்கோழி டூர்: கொடுத்த காசுக்குத் தகுமா?

கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழியைப் பார்த்தே தீருவேன் என்று இருப்பவர்கள் இந்த டூருக்குப் பணம் கட்ட வேண்டாம். காட்ட மாட்டார்கள். முன்பதிவு செய்யும்போதே அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள், அப்படியும் எங்கள் வண்டியில் வந்த ஒரு தம்பதி நாள் முழுக்க அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.

இடம் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம்ஸ் தேசியப் பூங்கா, ஸ்பே ஆற்றை ஒட்டிய பைன் காடுகள். நாங்கள் போனது ஏப்ரல் கடைசியில். இருட்டோடு மினி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் மேட்டு நிலத்தின் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, யாரும் இறங்கக்கூடாது என்றார் வழிகாட்டி. வண்டி நிற்பதைப் பறவைகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லையாம், ஆள் இறங்கினால்தான் கலைந்துவிடும். வெளுக்கத் தொடங்கியதும் பிளாக் கிரவுஸ் என்ற இன்னொரு வகைக் காட்டுக்கோழியின் சேவல்கள் வந்து, வாலை விரித்து அடியிலிருக்கும் வெள்ளை இறகைக் காட்டிக்கொண்டு ஒன்றையொன்று முறைக்க ஆரம்பித்தன. சண்டையைவிட வீராப்புதான் அதிகம். பெட்டைகள் ஓரத்தில் அலட்டிக்கொள்ளாமல் வந்து போயின. இதற்கே பாதிக் காசு சரியாகிவிட்டது.

மீதிக் காசு காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்த நடைக்கு. கேப்பர்கெய்லி வாழும் பகுதிக்கு உள்ளே போகாமல், அதே மாதிரியான காட்டில் பாதையை விட்டு இறங்காமல் கூட்டிப்போனார். வான்கோழிக்குக் கொஞ்சம் சின்னதான இந்தக் காட்டுக்கோழி, 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஸ்காட்லாந்தில் அடியோடு அழிந்து, 1837இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. 1970களில் சுமார் 20,000 இருந்ததாகக் கணக்கு. 2021-22 குளிர்காலக் கணக்கெடுப்பில் 542. அதன் சேவல்கள் கூடி ஆடும் நேரத்தில் போய்த் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். ஆகவே காட்ட மாட்டோம் என்பவர்தான் நேர்மையான வழிகாட்டி, "எனக்கு ஒரு இடம் தெரியும், வாங்க" என்று யாராவது காதைக் கடித்தால் நகர்ந்துவிடுங்கள்.

மற்ற டூர்களில் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும், இங்கே குனிய வைத்தார்கள். முழங்கால் உயரத்துக்கும் குறைவான, சின்னப் பழம் காய்க்கும் பிளேபெரிச் செடி ஒன்றை விலக்கிக் காட்டி, இந்தப் பறவையின் தலைவிதியே இதில்தான் இருக்கிறது என்றார். பெட்டை தரையில், பெரும்பாலும் மரத்தடியில் ஒரு சின்னப் பள்ளத்தில் ஏழெட்டு முட்டையிட்டு, நான்கு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அடைகாக்கிறது. குஞ்சு பொரித்த முதல் சில வாரங்களுக்குப் பைன் இலையெல்லாம் அதற்கு ஆகாது, புழு வேண்டும், அந்தப் புழு இந்தச் செடியில்தான் நிறைய இருக்கிறது. பருந்து வந்தால் பதுங்கவும் இதே செடிதான். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் நனைந்த குஞ்சு குளிரில் விறைத்துப்போகும், தாயின் சிறகுக்குள்ளேயே கிடந்தால் இரை தேட நேரமிருக்காது, அப்போது புழு பக்கத்திலேயே கிடைக்கிற காட்டில் பிறந்த குஞ்சுக்குத்தான் பிழைக்க வழி. நெருக்கமாக நட்ட ஸ்ப்ரூஸ் (ஒருவகை ஊசியிலை மரம்) தோட்டத்துக்குள் வெளிச்சம் இறங்காததால் பிளேபெரி வராது, ரொம்பத் திறந்துவிட்டால் ஹீதர் புதர் ஏறி அதை மூடிவிடும். இடைவெளி விட்டு வளர்ந்த பழைய பைன் காட்டில்தான் அந்த அளவு சரியாக அமைகிறது.

சரி, மான் மேய்ந்து பிளேபெரியைத் தீர்க்கிறதே, வேலி போட்டால் என்ன என்று நான் கேட்டேன். போட்டார்கள், தாழப் பறக்கிற கேப்பர்கெய்லி அந்தக் கம்பி வேலியில் மோதிச் செத்தது! இதே பகுதியிலுள்ள அபர்நெதி காட்டில் ஆர்.எஸ்.பி.பி என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் வேலிகளை எடுத்துவிட்டு, மான்களைச் சுட்டு எண்ணிக்கையைக் குறைக்கும் வழிக்குப் போனது. அப்புறம் பைன் மார்ட்டன். மரநாய் மாதிரியான இந்தப் பிராணி முட்டையைத் தின்கிறது, ஆனால் அதுவும் பாதுகாக்கப்பட்ட விலங்கு, சுட முடியாது. அதனால் பெட்டைகள் அடையில் இருக்கும் வாரங்களில் காட்டில் மான் இறைச்சியைப் போட்டுப் பார்த்தார்கள். வயிறு நிறைந்தால் கூடு தேடி அலையாது என்ற கணக்கு. இறைச்சி போடாத இடங்களில் கண்ணில் பட்ட பெட்டைகளில் 37 சதவீதமே குஞ்சுகளோடு இருந்தன, போட்ட இடங்களில் 85 சதவீதம். வருஷா வருஷம் இறைச்சி சுமந்துகொண்டே இருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான், ஆனால் செடி வளர்கிறவரை தாக்குப்பிடிக்க இது ஒரு வழி.

இப்போது குறைகள். இரவலாகக் கொடுத்த பைனாகுலரில் உள்ளே பூஞ்சை, முதல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை, சொந்தமாக இருந்தால் எடுத்துப் போங்கள். சைவம் என்று முன்கூட்டியே சொல்லியும் கிடைத்தது வெண்ணெய் தடவிய ரொட்டியும் ஒரு ஆப்பிளும். வண்டியின் பின்வரிசை ஜன்னல் திறக்காது, படம் எடுப்பவர்கள் முன்னால் இடம் பிடியுங்கள். கட்டணமும் குறைவில்லை, குழந்தைகளுக்குச் சலுகை கிடையாது, சின்னப் பிள்ளைகள் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காரவும் மாட்டார்கள்.

ஏப்ரலிலேயே போய்விடுங்கள். மே கடைசிக்கு மேல் மிட்ஜ் என்ற பொடிக் கொசு கிளம்பிவிடும், ஆட்டமும் ஓய்ந்து பெட்டைகள் அடைக்குப் போயிருக்கும். நாயைக் கூட்டிப்போகலாமா என்று கேட்கவே வேண்டாம், அனுமதி இல்லை.