மெய்நிகர் கணினிக்குப் பெயர்: கோளா, இடமா, பணியா?

ஐந்தாறு மெய்நிகர் கணினிகள் (ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகள்) ஓடும்வரை கோள்களின் பெயர்களே போதும். 'வியாழன் பதில் தரவில்லை' என்று தொலைபேசியில் சொன்னாலும் தவறாகக் காதில் விழாது. கணினிக்குப் பெயரிடுவது பற்றி 1990-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1178 என்ற இணைய ஆவணம், இப்படி ஒரே கருப்பொருளில் அமைந்த பெயர்களைத்தான் பரிந்துரைத்தது. ஆனால் கோள்கள் எட்டோடு முடிந்துவிடும். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு வியாழனில் ஓடுவது அஞ்சலா தரவுத்தளமா என்றும் தெரியாது.

இடத்தை வைத்துப் பெயரிடுவது (கட்டடம், தளம், சர்வர்களை அடுக்கும் ரேக்) கையால் தொடக்கூடிய இரும்புப் பெட்டிகளுக்குப் பொருந்தும். மெய்நிகர் கணினியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு சர்வருக்கு மாறிவிடும்; அந்த நொடியே பெயர் பொய்யாகிவிடும். விண்டோஸ் வலையமைப்பின் பழைய பெயர்முறையான நெட்பயாஸ் அனுமதிக்கும் 15 எழுத்துகளில் பாதியையும் இடக்குறியீடு விழுங்கிவிடும். இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பணியை வைத்துப் பெயரிடுவதே என் தேர்வு. கணினியின் வேலை நாளை மாறலாம் என்பதால் பணிப்பெயர் வேண்டாம் என்று அதே ஆவணம் எச்சரித்தது. ஒரு பெட்டி பல ஆண்டுகள் பல வேலைகளைச் சுமந்த காலத்துக்கு அது சரி. இன்று ஒரு வேலைக்காகவே கணினியை உருவாக்குகிறோம். வேலை முடிந்தால் நீக்கிவிடுகிறோம்.

இதிலும் ஆபத்து உண்டு. ஒருமுறை 'டிபி-டெஸ்ட்-01' (டிபி தரவுத்தளம், டெஸ்ட் சோதனை) கணினியை நிறுத்தப் போய், பட்டியலில் அதற்கு நேர் மேலே இருந்த 'டிபி-பிராட்-02'-ஐ (பிராட் என்றால் நிஜப் பயன்பாட்டில் இருப்பது) நிறுத்திவிட்டேன். கணக்குப் பிரிவினர் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று முதல் சோதனையா நிஜப் பயன்பாடா என்ற சூழலை முன்னால் வைக்கிறேன்: 'பிராட்-டிபி-02'. இப்போது பட்டியலில் சோதனைக் கணினிகள் தனிக் கூட்டமாக நிற்கின்றன.

எண்களை 01, 02 என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் பல பட்டியல்களில் 10 வந்த பிறகுதான் 2 வரும். அடிக்கோடு வேண்டாம், ஹோஸ்ட் பெயரில் (வலையமைப்பில் கணினியின் பெயர்) குறிகளில் இணைப்புக்கோடு மட்டுமே செல்லும். ஊழியர் பெயரும் மென்பொருள் பதிப்பு எண்ணும் கூடவே கூடாது. மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசரில் காட்டும் பெயரும் உள்ளே இயங்குதளம் அறிந்த பெயரும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு கணினியை அப்படியே நகலெடுத்து குளோன் உருவாக்கியதும் உள்ளே பெயரை மாற்ற மறப்பதுதான் வழக்கமான தவறு.

பயனர்களுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவர்களுக்கு டி.என்.எஸ்.-இல் (பெயரைக் கணினியின் முகவரியாக மாற்றித் தரும் சேவை) 'கணக்கு' போன்ற எளிய மாற்றுப்பெயரைக் கொடுத்துவிட்டால், பின்னால் 01 போய் 02 வந்தாலும் அவர்கள் எதையும் மாற்ற வேண்டியிருக்காது.